பவளம் வாடும்போது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

உயிருள்ள கடல் பவளங்களை வளர்க்கும் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தவுடன் கை தானாக மருந்து பாட்டிலைத் தேடும். அந்தக் கையை அரை மணி நேரம் கட்டி வையுங்கள். என் தொட்டியிலும், நண்பர்கள் பதறிப்போய் அழைத்துக் காட்டிய தொட்டிகளிலும் நான் பார்த்த சாவுகளில் பாதிக்கு மேல், அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாட்களில் யாரோ எதையோ மாற்றியதால் வந்தவை. புதிய விளக்கு, வேறு உப்பு வாளி, இடம் மாற்றிய பம்பு, புதிதாக வந்த மீன். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: போன இரண்டு வாரங்களில் இங்கே என்ன மாறியது? பதிலைத் தாளில் எழுதுங்கள். "ஒன்றுமே மாறவில்லை" என்று எழுதுகிறவர் வீட்டில்தான் விளக்கின் டைமர் ஆறு நாளாக நின்றுபோய்க் கிடக்கும்.

எதற்கும் முன்னால்: கருவி பொய் சொல்கிறதா?

தண்ணீரைத் திருத்துவதற்கு முன் தண்ணீரை அளக்கும் கருவியைச் சோதிக்க வேண்டும். செலவே இல்லாத வேலை, அதனால்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்.

உப்புத்தன்மையிலிருந்து தொடங்குங்கள். பவளத் தொட்டிக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி 1.026. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தால், அதன் முள்ளில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழி போதும், அளவு எகிறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதைச் சுத்தநீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் இரண்டு மூன்று பங்கு தவறுவது சாதாரணம். 35-க்கான திருத்தக் கரைசலை வைத்தே சரிபார்க்க வேண்டும். கையில் அது இல்லையென்றால் 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் சுத்தநீரில் கரையுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் அதை 35 என்று காட்ட வேண்டும். கண்ணாடியில் நான்கைந்து சொட்டு விட்டு மூடியைச் சாய்த்து இறக்கி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35-இல் நிற்கவில்லையென்றால் மேலே உள்ள சிறு திருகைத் திருப்பி நிறுத்துங்கள். முதல்முறை இதைச் செய்தபோது என் தொட்டி மாதக்கணக்கில் 31-இல் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் அதுவரை பவளங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வெப்பமானி. இரண்டாவதாக ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள். பிறகு டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதி. பாஸ்பேட்டைக் கையடக்க மின் மீட்டரில் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில மீட்டர்கள் பாஸ்பேட்டைக் காட்டுவதில்லை, பாஸ்பரஸை நூறுகோடிப் பங்கில் காட்டுகின்றன. திரையில் வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் பாஸ்பேட் கிடைக்கும். திரையில் 10 என்றால் 0.03.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்கள் இவை. வெப்பம் 24 முதல் 27 டிகிரி. காரத்தன்மை 7 முதல் 10 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு). கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மக்னீசியம் 1250 முதல் 1400. நைட்ரேட் 2 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இந்த எல்லைக்குள் எங்கே நிற்கிறது என்பதைவிட, அங்கேயே அசையாமல் நிற்கிறதா என்பதுதான் பவளத்துக்கு முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். மூன்றைச் சேர்த்துத் திருத்தினால், குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது.

எல்லாப் பவளங்களும் ஒரே நாளில் சுருங்கிக்கொண்டால்

ஒன்றிரண்டு பவளம் மட்டும் என்றால் அடுத்த தலைப்புகளுக்குப் போங்கள். எல்லாமே என்றால் தண்ணீரில்தான் கோளாறு.

வெப்பத்தைப் பாருங்கள். ஹீட்டரின் உள்ளே உள்ள தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் ஓடுவது பழைய கதை. 29-ஐத் தாண்டியிருந்தால் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, மூடியை எடுத்து, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியைத் திருப்புங்கள். சில மணி நேரத்தில் மெதுவாக இறங்கட்டும். பனிக்கட்டியை அள்ளிப் போட வேண்டாம்.

வெப்பம் சரி என்றால் உப்புத்தன்மை. ஆவியான நீரை நிரப்பும் தானியங்கிக் கருவியின் மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும். இரவோடு இரவாக நன்னீர் வாளி முழுவதும் தொட்டிக்குள் போயிருக்கும். உப்பு குறைந்திருந்தால் ஒரு நாளைக்கு 0.001 ஒப்படர்த்திக்கு மேல் ஏற்றாதீர்கள்.

அதுவும் சரியா? அப்படியானால் எண்ணிப் பாருங்கள்: எல்லா மீன்களும் இருக்கின்றனவா, கடல்வெள்ளரி இருக்கிறதா, கடல் அனிமோன் பம்புக்குள் இழுக்கப்பட்டதா? அம்மோனியா சோதனை செய்யுங்கள். வீட்டில் பெயின்ட் அடித்தார்களா, பூச்சிமருந்து தெளித்தார்களா, கிரீம் பூசிய கையை யாராவது உள்ளே விட்டார்களா என்று கேளுங்கள். இவற்றில் எதுவாக இருந்தாலும் முதலுதவி ஒன்றே: புதிய செயலுறு கரியை நீரோட்டத்தில் வையுங்கள், ஸ்கிம்மரை (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவியை) நன்றாக ஓட விடுங்கள், வெப்பமும் உப்பும் பொருந்திய புதுக் கடல்நீரால் கால் பங்கை மாற்றுங்கள், மறுநாள் இன்னொரு முறை.

ஆர்.ஓ. நீரை டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பாருங்கள். கடைசிக் குழலிலிருந்து வரும் நீர் பூஜ்யம் காட்ட வேண்டும். 5, 6 என்று காட்டினால் அந்தக் குழலில் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் ரெசின் தீர்ந்துவிட்டது.

இதுவரை ஒன்றும் அகப்படவில்லையென்றால் உலோகம். பம்பு, காந்தக் கண்ணாடித் துடைப்பான், குழாய்க் கவ்வி ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து விரலால் தடவுங்கள். காந்தத்தின் மேல் பூசிய எப்பாக்சி உப்பியிருந்தாலோ, வெடிப்பில் பழுப்புக் கறை இருந்தாலோ அதைத் திரும்ப உள்ளே போடாதீர்கள். தண்ணீரில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை வீட்டு கிட் சொல்லாது. நீர் மாதிரியை, கலந்துள்ள தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய இடம் இது.

தண்ணீரில் கை வைத்தால், குறிப்பாகச் சிறு கீறல் உள்ள விரலில், சுரீர் என்கிறதா? இனி கையை விடாதீர்கள். சுவரில் உள்ள மின் இணைப்பை முதலில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத தொட்டி இருக்கவே கூடாது.

வெள்ளையாகிவிட்டால்

முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: வெள்ளையின் மேல் சதை இருக்கிறதா? டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வழவழப்பான மினுமினுப்பும், உள்ளிழுத்த பாலிப் (பவளத்தில் பூப்போல விரியும் சிறு உயிர்) புள்ளிகளும் தெரிந்தால் சதை இருக்கிறது, பவளம் நிறத்தைத்தான் இழந்திருக்கிறது. மங்கலான சுண்ணாம்பு வெண்மை, கூரான விளிம்புகள், இரண்டு மூன்று நாளில் மேலே படரும் பச்சைப் பாசி என்றால் அந்தப் பகுதி செத்துவிட்டது. உரிதல் பற்றிய தலைப்புக்குப் போங்கள்.

சதை இருக்கிறது என்றால் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். மேல்பக்கம் வெள்ளை, நிழலில் உள்ள அடிப்பக்கம் நிறத்தோடு இருக்கிறது என்றால் விளக்குதான். புது எல்.இ.டி. மாட்டியவர்கள், பவளத்தை மேல்தட்டுக்கு ஏற்றியவர்கள், கரியைப் புதிதாகப் போட்டு மஞ்சள் நீரைத் திடீரென்று தெளிய வைத்தவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் நிற்பார்கள். வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். பவளத்தைத் தினம் ஓர் இடத்துக்கு மாற்றுவது உதவி ஆகாது. முடிந்தால் பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள்: கிளைவிடும் கெட்டிப் பவளமான அக்ரோபோராவுக்கு 200 முதல் 350, யூஃபிலியா போன்ற சதைப்பற்றுள்ள பவளங்களுக்கு 50 முதல் 150 என்பது நடைமுறைக் கணக்கு.

மேலும் கீழும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால் வெப்பப் பதிவைப் பாருங்கள். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றாலே போதும். வெப்பமும் சரி என்றால் நைட்ரேட், பாஸ்பேட். இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் பெருமைப்படாதீர்கள், பவளம் பட்டினி கிடக்கிறது. பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், மீனுக்கு இன்னும் கொஞ்சம் உணவு போடுங்கள். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, வாரக்கணக்கில் தாங்கும். இரவில் விளக்கணைந்த பிறகு பாலிப் நீட்டினால், நுண்ணிய உணவைச் சொட்டுக்குழாயால் அருகில் விடுங்கள்.

நுனி மட்டும் எரிந்தது போல இருந்தால்

எரிச்சல் என்று முடிவு கட்டுவதற்கு முன், அது வளர்ச்சி இல்லையா என்று பாருங்கள். வளரும் அக்ரோபோராவின் நுனியும் வெண்மையாகத்தான் இருக்கும். ஆனால் சதை மூடியிருக்கும், நடுவில் நுனிப் பாலிப் திறந்திருக்கும். எரிந்த நுனியில் சுண்ணக்கூடு மொட்டையாகத் தெரியும், சீக்கிரமே பாசி பிடிக்கும்.

எரிந்ததுதான் என்றால் காரத்தன்மையைச் சோதியுங்கள். 10, 11 என்று ஏறி, பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அடிமட்டத்தில் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஊட்டம் குறைந்த தொட்டியைக் காரத்தன்மை 7 முதல் 8.5-க்குள் வைப்பதே நல்லது.

இதில் நான் ஏமாந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கிட் 6 என்று காட்டியது. ஐயோ குறைந்துவிட்டதே என்று சோடா உப்பைக் கரைத்து, மூன்று நாளில் 2 டி.கே.எச். ஏற்றினேன். நான்காம் நாள் நுனிகள் எரிந்தன. வேறொரு கிட்டை இரவல் வாங்கிச் சோதித்தால் 10.5! பழைய கிட்டின் சொட்டு மருந்து கெட்டுப்போய் ஆரம்பத்திலிருந்தே குறைவாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் பிறகு ஒரு வழக்கம்: அளவு திடுக்கிட வைத்தால், வேறு கிட்டில் மறுபடி அளக்காமல் ஒரு கிராம்கூடச் சேர்ப்பதில்லை. கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 100 லிட்டர் நீரில் 3 கிராம் சோடா உப்பு 1 டி.கே.எச். ஏற்றிவிடும். ஒரு நாளைக்கு ஏற்றம் அரையைத் தாண்ட வேண்டாம்.

கூடியிருந்தால் சேர்ப்பதை நிறுத்துங்கள், தானாக இறங்கும். அமிலம் ஊற்றி இறக்கப் பார்க்காதீர்கள். மருந்து செலுத்தும் டோசிங் பம்பின் அளவையும் சரிபாருங்கள்: ஒரு நிமிடம் ஓடவிட்டு அளவுக் குப்பியில் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். வாளி மாற்றியிருந்தால் புது உப்பைத் தனியாகக் கரைத்து அதன் காரத்தன்மையை அளங்கள். உப்புக்கு உப்பு அது மாறும்.

அடியிலிருந்து மெல்ல மெல்ல உரிந்தால்

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று சதை பின்வாங்கும். எளிய காரணத்திலிருந்து போவோம். அடர்ந்த கொத்தின் அடியில் வெளிச்சமும் ஓட்டமும் போகாது, அங்கே சதை மடிவது இயல்பு. ஓட்டத்தின் திசையை மாற்றுங்கள், இரண்டு மூன்று கிளையை வெட்டிக் காற்றோட்டம் போல வழி விடுங்கள்.

பக்கத்துப் பவளம் தொடுகிறதா? பகலில் பார்த்தால் சற்றுத் தள்ளி அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சோடு வாருங்கள்: காலாக்ஸியா என்ற பவளம் ஒரு சாண் நீளத்துக்கு நூல் போன்ற கொட்டும் கரங்களை ஓட்டத்தில் மிதக்கவிட்டிருக்கும். உரிந்த பக்கம் அதை நோக்கியே இருந்தால் வழக்கு முடிந்தது, இரண்டில் ஒன்றை இடம் மாற்றுங்கள்.

அதே டார்ச்சோடு பூச்சியைத் தேடுங்கள். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது விட்டுப்போகும் தடம் தெரியும்: சதையில் வட்டமான வெளிர் கடிகள், சதையின் விளிம்பை ஒட்டிய மொட்டைக் கூட்டில் பழுப்புத் தேன்நிற முட்டைக் கொத்து. சந்தேகம் இருந்தால் கிளையை ஒரு வெள்ளைக் கிண்ணத்துத் தொட்டிநீரில் பிடித்து, பெரிய சொட்டுக்குழாயால் பலமாக நீரை அடியுங்கள். கிண்ணத்தின் அடியில் சளித்துணுக்கு போல ஒன்று விழும். அரை நிமிடம் பொறுங்கள், அது ஊர ஆரம்பித்தால் புழு. தட்டுப் போல வளரும் மோண்டிபோராவாக இருந்தால் தட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அரிசிக் குருணை அளவில் வெள்ளை நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) ஒட்டியிருக்கும்.

பூச்சிக்கான பவளக் குளியல் (மருந்து கலந்த நீரில் பவளத்தை முக்குவது) புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே முட்டையைக் கத்தி நுனியால் சுரண்டி, மொட்டை அடியை வெட்டி எறிந்து, வாரம் ஒருமுறை, குறைந்தது ஆறு வாரம் குளிப்பாட்ட வேண்டும். ஒருமுறை குளிப்பாட்டிவிட்டுத் தீர்ந்தது என்று நினைப்பவர்களிடம்தான் புழு திரும்பி வருகிறது. இனி வாங்கும் ஒவ்வொரு துண்டையும் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே உள்ளே விடுங்கள்.

சில மணி நேரத்தில் சதை தோலாக உரிந்து பறந்தால்

காரணம் தேடும் நேரம் இதுவல்ல. பவளத்தை வெளியே எடுங்கள். ஆரோக்கியமான கிளைகளை, உரியும் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல சதையில் வெட்டுங்கள். துண்டுகளை அயோடின் கரைசலில் பாட்டிலில் சொன்ன அளவுக்கு முக்கி, நல்ல ஓட்டமுள்ள வேறு இடத்தில் நடுங்கள். மிச்சத்தைத் திரும்ப உள்ளே போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, கரி வையுங்கள். பிறகு உட்கார்ந்து வெப்பத்தையும் உப்பையும் காரத்தன்மையையும் அளக்கலாம். இரண்டாவது பவளமும் அதே நாளில் உரிய ஆரம்பித்தால் தனியாகப் போராட வேண்டாம். பல வருடம் பவளம் வளர்த்த ஒருவரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பழுப்பாகிவிட்டால்

சாவு இல்லை, அழகுதான் போகிறது. வெளிச்சம் குறைவு, அல்லது ஊட்டம் அதிகம். டி5 குழல்கள் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். விளக்கின் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தால் துடையுங்கள், சிலருக்கு அதோடு கதை முடியும். நைட்ரேட் 30, 40 என்று இருந்தால் உணவைக் குறைத்து, சில வாரங்களில் மெதுவாக இறக்குங்கள். கடையிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன பவளம் பழுப்பானால் விட்டுவிடுங்கள், பழகிக்கொள்ளும்.

யூஃபிலியா போன்றவை வெளியே வராமல், கூட்டின் விளிம்பு தெரிந்தால்

கரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து படபடவென்று அடிக்கின்றனவா? ஓட்டம் நேராக விழுகிறது. இந்த வகைக்கு மெல்ல ஆடும் ஓட்டம் போதும். பலமாக அடித்தால் கூட்டின் கூரான விளிம்பிலேயே சதை கிழியும். அடுத்து ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்காருங்கள். குள்ள ஏஞ்சல் மீன் வந்து ஒரு கடி கடித்துவிட்டுப் போகலாம். கோமாளி மீன் இதையே அனிமோன் என்று நினைத்து நாள் முழுவதும் உருளலாம். பெரிய பவளம் தாங்கும், ஒரே தலை உள்ள துண்டு தாங்காது. மீனைப் பிடிப்பதைவிடப் பவளத்தை வலைக்கூண்டு போட்டு மூடுவது எளிது.

ஒரு தலையில் பழுப்பு நிறத்தில் கஞ்சி போன்ற கூழ் தொங்கினால் அவசரம். அது ஓட்டத்தில் பறந்து அடுத்த தலையில் ஒட்டும். எல்லாப் பம்புகளையும் நிறுத்துங்கள், பவளத்தை மெதுவாக வாளிக்கு மாற்றுங்கள், கூழை அங்கே உறிஞ்சி எறியுங்கள். பாதிக்கப்பட்ட தலையை அடியோடு வெட்டி நீக்கி, மற்றதை அயோடினில் முக்கித் தனியாக வையுங்கள். அப்படியும் பரவினால் ஆன்டிபயாடிக் குளியல் என்ற வழி இருக்கிறது. அதை நீர்வாழ் உயிரினங்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அரைகுறை அளவில் தொட்டிக்குள்ளேயே கலப்பது நல்ல பாக்டீரியாவைத்தான் முதலில் கொல்லும்.

ஸோஅந்திட் (கல்லில் பாய் போலப் படரும் பாலிப் கூட்டம்) மூடியே இருந்தால்

தண்டுகளுக்கு நடுவே பாசியும் குப்பையும் சேர்ந்திருந்தால் நீரை அடித்துக் கழுவுங்கள். பிறகு இரவில் பாருங்கள்: பாலிப் போலவே குஞ்சம் வைத்த நூடிபிராங்க், சதுரங்கக் கட்டம் போட்ட ஓட்டோடு சூரியக்கடிகார நத்தை, இரண்டுமே இதைத் தின்பவை. எடுத்து எறிந்து, வாரந்தோறும் குளிப்பாட்டுங்கள்.

ஆனால் இந்தக் கூட்டத்தைத் தொடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஸோஅந்திட், அதிலும் பாலிதோவா என்ற வகை, பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைக் கொண்டிருக்கலாம். இவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவோ, வெந்நீர் ஊற்றவோ, தண்ணீருக்கு வெளியே வைத்துத் தேய்க்கவோ கூடாது; ஆவியும் தூறலும் மூச்சில் போகும். அப்படி ஏதாவது செய்த சில மணி நேரத்தில் வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், தசைவலி, மூச்சுத்திணறல் வந்தால் வீட்டில் உள்ள எல்லோரும் வெளியே வந்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாலிடாக்சின் என்ற பெயரை எழுதியே எடுத்துச் செல்லுங்கள், பல மருத்துவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

லெதர் பவளம் (தோல் போன்ற மென்பவளம்) மட்டும் வாரக்கணக்கில் சுருங்கியிருந்தால்

மேலே மெழுகுத்தாள் போன்ற பளபளப்பு இருக்கிறதா? தோலுரிக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் பாலிப் வெளியே வராது. ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் அந்தத் தோல் கிழிந்து போய்விடும். உரிந்த தோலைச் சல்லடையில் பிடித்து வெளியே எடுத்துவிட்டுக் கரியை மாற்றுங்கள், ஏனென்றால் மென்பவளங்கள் தண்ணீரில் விடும் ரசாயனம் அக்கம்பக்கத்து அக்ரோபோராவுக்கு ஆகாது. இரண்டு வாரத்துக்குப் பிறகும் திறக்காமல், அடித்தண்டு கருத்து மென்மையாகி, தொட்டால் அழுகல் நாற்றம் வந்தால் மட்டும் கத்தியை எடுங்கள். கறுத்த பகுதியை நல்ல சதை தெரியும்வரை வெட்டி, மிச்சத்தைச் சிறு கற்கள் நிறைந்த கிண்ணத்தில் வைத்தால் சில வாரங்களில் தானாக ஒட்டிக்கொள்ளும்.